கூட்டுப் போர்வையில் நானும் ஒரு கட்டம் தைக்கலாமா?

பலர் ஆளுக்குச் சில சதுரக் கட்டங்களைத் தைத்துக் கொடுக்க, அவற்றை இணைத்து ஒரே போர்வையாக்கும் கூட்டு குயில்ட் பணியைப் பற்றிக் குமரி மாவட்டத்து வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறேன். புதியவர்களுக்காக ஒரு வரி: துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் ஒரு மெத்தென்ற அடுக்கு, கீழே அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவித் தைத்தால் அதுவே குயில்ட்.

கேள்வி: எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு முதியோர் இல்லத்துக்குப் போர்வை தைக்கிறார்கள். ஆளுக்கு 12 அங்குலச் சதுரக் கட்டம் நான்கு தைத்துக் கொடுக்க வேண்டுமாம். ஒருவர் விலகியதால் என்னைக் கூப்பிடுகிறார்கள். எனக்குச் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கவும் நைட்டி தைக்கவும் தெரியும். இந்த வேலையில் கை வைத்ததே இல்லை. நான் சேர்ந்தால் மற்றவர்களின் வேலையும் கெட்டுவிடுமோ என்று தயங்குகிறேன்.
— வாசகி, தக்கலை

பதில்: தயங்காமல் சேருங்கள். நைட்டியின் பக்கத் தையலை நேராக ஓட்டத் தெரிந்த உங்களுக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டிய தையல் எதுவும் இல்லை. புதிதாகப் பழக வேண்டியது அளவு மட்டுமே. கூட்டாகத் தைக்கும் போர்வையைக் கெடுப்பது கற்றுக்குட்டியின் கோணல் தையலன்று, அளவு மாறிய கட்டம்தான். கை தேர்ந்த ஒருவர் விண்மீன் வடிவத்தில் அழகாகத் தைத்துக் கொண்டுவந்த கட்டம் அரை அங்குலம் குறைந்திருந்தால் இணைப்பவருக்கு அது தலைவலி; நீங்கள் ஒன்பது சதுரத் துண்டுகளை மட்டும் சேர்த்த எளிய கட்டம் சரியான அளவில் இருந்தால் சிக்கலின்றித் தன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

ஆகவே முதலில் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் 12 அங்குலம், போர்வையில் தைத்து முடிந்தபின் கண்ணுக்குத் தெரியும் அளவா, நீங்கள் கையில் கொடுக்க வேண்டிய அளவா? குயில்ட் தைப்பவர்கள் தையலுக்காக ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் விடுவது வழக்கம். எனவே முடிந்தபின் 12 அங்குலம் தெரிய வேண்டிய கட்டத்தை நீங்கள் 12½ அங்குலச் சதுரமாகக் கொடுக்க வேண்டும். உடம்பு பெருத்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று ரவிக்கையிலும் நைட்டியிலும் நாம் தாராளமாகத் துணி விட்டுப் பழகியிருக்கிறோம். போர்வை பெருக்கப்போவதில்லை, ஆகையால் இங்கே அந்தத் தாராளம் வேண்டாம்.

கால் அங்குலம் என்றால் கால் அங்குலமேதான். தையற்காரர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நீங்கள் அரை நூல் கூடுதலாகப் பிடித்துத் தைத்தால், இரு துணிகளிலுமாகச் சேர்ந்து ஒவ்வொரு தையலிலும் ஒரு நூல் குறையும். ஒன்பது சதுரக் கட்டத்தில் ஒரு வரிசைக்கு இரண்டு தையல் வருவதால் கட்டம் கால் அங்குலம் குறுகும். அப்படிப்பட்ட ஐந்து கட்டங்கள் ஒரே வரிசையில் வந்தால் போர்வையின் அந்தப் பக்கம் ஒன்றேகால் அங்குலம் குறைந்து நிற்கும். அரை நூல் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

உங்கள் மிஷினில் கால் அங்குலம் சரியாக விழுகிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை வெட்டி, நீளவாக்கில் ஒன்றோடொன்று இணைத்துத் தைத்து, தையலை ஒரு பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். மொத்த அகலம் 3½ அங்குலமும் நடுப்பட்டை ஒரு அங்குலமும் இருந்தால் உங்கள் தையல் சரி. நடுப்பட்டை ஒடுங்கியிருந்தால் அதிகம் பிடிக்கிறீர்கள், அகன்றிருந்தால் குறைவாகப் பிடிக்கிறீர்கள். சரியான இடம் கிடைத்ததும் ஊசியிலிருந்து அந்தத் தூரத்தில், மிஷினின் தகட்டின் மீது ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள்; துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே போக வேண்டும்.

முதல் கட்டத்துக்கு 4½ அங்குலச் சதுரத் துண்டுகள் ஒன்பதை நூல் பார்த்து, அதாவது நெசவின் நேர்வாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஓரங்கள் வரும்படி, வெட்டுங்கள். கிராஸாக வெட்டிய துண்டு கை பட்டாலே இழுபடும். மூன்று மூன்றாக இணைத்து, முதல் வரிசையின் தையல்களை வலப்புறமாகவும் அடுத்த வரிசையின் தையல்களை இடப்புறமாகவும் சாய்த்து இஸ்திரி போட்டால், வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். இஸ்திரிப் பெட்டியைத் துணிமீது தேய்த்து இழுக்காமல் வைத்து அழுத்தி எடுங்கள். இவ்வாறு ஒரு கட்டத்தை முடித்ததும் மற்ற மூன்றையும் தொடங்காமல், அந்த ஒன்றைப் பொறுப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டி அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் இருவர், கணவர் வளைகுடாவில், மாமியாருக்கு உடல்நலம் சரியில்லை. தையல் என்றால் உயிர். தோழிகள் நடத்தும் கூட்டுப் போர்வையில் ஆறு கட்டம் கேட்கிறார்கள், மூன்று மாதம் தவணை. இரவு உணவு முடிந்தபின் எனக்குக் கிடைப்பது அரை மணி நேரம். ஒப்புக்கொள்ளலாமா?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ஆறுக்கு வேண்டாம், இரண்டுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டை முடித்துவிட்டு நேரம் மீந்தால் மூன்றாவதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆறு வாங்கி நான்கைத் திருப்பிக் கொடுப்பவருக்காகத்தான் கடைசி வாரத்தில் யாரோ ஒருவர் இரவு முழுவதும் மிஷின் மிதிக்க நேர்கிறது. தவணை விடைத்தாள் திருத்தும் காலத்தில் விழுகிறதா என்பதையும் இப்போதே நாட்காட்டியில் பார்த்துவிடுங்கள்.

அரை மணி நேரத்தில் துணி தேடி, மடிப்பு நீக்கி, வெட்டி, தைத்து, மீண்டும் எடுத்து வைப்பது நடவாது. வெட்டும் வேலை முழுவதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குங்கள். ஒரு கட்டத்துக்கு வேண்டிய துண்டுகளை ஓர் உறையில் வரிசை மாறாமல் அடுக்கி வைத்துவிட்டால், அதன்பின் ஒவ்வோர் இரவும் உறையைத் திறந்து நேரே ஊசிக்கு வந்துவிடலாம். மிஷினில் தைப்பதாக இருந்தால் ஒரு ஜோடி முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்த ஜோடியைப் பின்னாலேயே செலுத்துங்கள்; எல்லாம் முடிந்தபின் இடைநூல்களை வெட்டிக்கொள்ளலாம். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம்.

மாமியார் அருகில் இருக்க வேண்டிய உங்களுக்கு மிஷினைவிடக் கைத்தையலே பொருந்தும் என்பது என் எண்ணம். துண்டின் பின்புறத்தில் கால் அங்குலக் கோட்டைப் பென்சிலால் வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே சிறு ஓட்டுத் தையலாகப் போட்டு, சில தையல்களுக்கு ஒருமுறை ஊசியைப் பின்னால் எடுத்து இறுக்கிக்கொண்டால் கட்டம் பல ஆண்டுகள் உழைக்கும். ஊசி, நூல், சிறு கத்தரிக்கோல், ஓர் உறைத் துண்டுகள் ஆகியவை பழைய மிட்டாய் டப்பாவில் அடங்கிவிடும். மருத்துவமனை வரிசையிலும் ஆசிரியர் அறையிலும் எடுத்துத் தைக்கலாம். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில் மட்டும் அந்த டப்பாவைத் திறக்காதீர்கள். அந்தச் சாலையில் ஊசி துணிக்குள் போவதைவிட விரலுக்குள் போவதே அதிகம்.

கட்டமே தைக்க முடியாத மாதங்களிலும் குழுவில் இருக்க வழியுண்டு. துணிகளை அலசி இஸ்திரி போட்டுக் கொடுப்பது, பட்டைகள் வெட்டுவது, முடிந்த போர்வையின் ஓரப்பட்டியைக் கையால் எம்மிங் செய்வது எல்லாம் யாராவது செய்தே ஆக வேண்டிய, பெரும்பாலும் யாரும் கேட்டு வாங்காத வேலைகள். இடையில் உங்களால் இயலாமல் போனால், வெட்டிய துண்டுகளை உறையோடு திருப்பிக் கொடுத்து உடனே சொல்லிவிடுங்கள். முதல் மாதத்தில் சொன்னால் அது செய்தி, மூன்றாம் மாதத்தில் சொன்னால் அது சங்கடம்.

கேள்வி: வீட்டில் பழைய சேலைகள், வேட்டிகள், தோளில் போடும் நேரியல்கள், தோர்த்து என்னும் மெல்லிய துண்டுகள் நிறைய இருக்கின்றன. தையல்கடையில் வெட்டுத் துணிகளும் தருகிறார்கள். கூட்டுப் போர்வைக்கு இவற்றில் எதை எடுக்கலாம், எதை ஒதுக்க வேண்டும்? நடுவில் வைக்க இலவம் பஞ்சு போதுமா?
— வாசகி, குளச்சல்

பதில்: தனியே தைக்கும்போது துணியில் செய்யும் தவறு உங்களோடு போகும், கூட்டுப் போர்வையில் உங்கள் சிவப்புச் சாயம் இறங்கினால் பக்கத்துக் கட்டக்காரரின் வெள்ளைத் துணியும் சேர்ந்து பாழாகும். ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பருத்தியை மட்டும் எடுங்கள். பருத்திதானா என்ற ஐயம் இருந்தால் ஓர் இழையை உருவித் தீயில் காட்டிப் பாருங்கள்: பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும், பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டையும் ஒரே கட்டத்தில் சேர்த்தால் ஒன்று துவைக்கும்போது சுருங்கும், மற்றது சுருங்காது. பருத்திக்குத் தேவையான இஸ்திரிச் சூட்டைப் பாலியஸ்டர் தாங்காது. நேரியலின் கசவுக் கரையையும் சரிகையையும் வெட்டி ஒதுக்கிவிடுங்கள். சரிகை அடிக்கடி சலவைக்குப் போகும் போர்வைக்கு ஆகாது, படுப்பவரின் தோலையும் உறுத்தும்.

பழைய சேலையில் எந்தப் பகுதி இன்னும் வலுவாக இருக்கிறது என்பதைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தெரியும். இழை விலகி வெளிச்சம் கொட்டும் இடத்தை விட்டுவிட்டு, நெசவு நெருங்கியிருக்கும் இடத்தில் வெட்டுங்கள். தையல்கடைத் துண்டுகளில் ரவிக்கைக்கு வெட்டி மீந்த ரூபியாவும் பாப்ளினும் நன்றாக உழைக்கும். லைனிங் துணி மிக மெல்லியதாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள். தோர்த்தின் நெசவு தளர்ந்திருப்பதால் கால் அங்குல ஓரத்தில் பிரிந்துவரும். அதை மேல்துணிக்கு எடுக்காமல் நடு அடுக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாத் துணியையும், புதிதோ பழையதோ, வெட்டும்முன் நனைத்தாக வேண்டும். ரவிக்கையின் லைனிங் துணியைத் தண்ணீரில் போட்டு உலர்த்தித்தானே தைக்கக் கொடுக்கிறோம், அதே முறைதான். அடர்சிவப்பு, மெரூன், கருநீலம் ஆகியவற்றை நனைத்து, வெள்ளைத் துணி ஒன்றின் மீது வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் மீண்டும் மீண்டும் அலசுங்கள், அப்போதும் ஏறினால் அந்தத் துணியைக் கைவிடுங்கள். உப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். கடைத் துணியின் சாயத்தை உப்பு நிறுத்திவிடும் என்று நம்பிப் பிறர் வேலையைப் பணயம் வைக்கக் கூடாது.

பலமுறை துவைத்து நைந்த சேலைத்துணி கத்தரிக்கோலின் கீழ் நழுவும். அதற்கு வடிகஞ்சியை நீர்க்கக் கரைத்து முக்கி, உலர்த்தி, இஸ்திரி போட்டால் காகிதம்போல நின்று கொடுக்கும். ஆனால் போர்வை முடிந்தவுடன் அந்தக் கஞ்சியை முழுவதும் அலசிப் போக்கிவிட வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் நம் மாவட்டத்தில், கஞ்சி தங்கிய துணி அலமாரிக்குள் பூசணம் பிடிக்கும், பூச்சியும் அரிக்கும்.

நடு அடுக்கைத் தீர்மானிப்பதும் இந்த மழைதான். இலவம் பஞ்சு தலையணைக்கு நல்லது; போர்வைக்கு வேண்டாம். அதன் இழைகள் வழுவழுப்பானவை, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளா, முதல் சலவையிலேயே மூலைக்கு மூலை திரண்டுவிடும். கடையில் தாளாகக் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு இலேசானது, விரைவில் உலரும். ஆனால் கடலோரப் புழுக்கத்தில் அதைப் போர்த்திக்கொண்டு உறங்குவது கடினம். முதியோர் இல்லத்துக்கோ குழந்தைக்கோ தருவதாக இருந்தால், நைந்த வேட்டித் துணியை இரண்டு அடுக்காகவோ தோர்த்தை ஓர் அடுக்காகவோ வைத்துத் தைப்பதையே நான் பரிந்துரைப்பேன். வங்காளத்துக் காந்தா போர்வைகளில் பஞ்சே கிடையாது. பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுத்தான் அந்த ஈர நாட்டுப் பெண்கள் தலைமுறைகளாகப் போர்த்தியிருக்கிறார்கள்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன். பொத்தான் தைப்பதற்கு மேல் தெரியாது, கற்றுக்கொள்ள ஆசை. ஆண் என்பதால் குழுவில் தயங்குவார்களோ? கண்புரை அறுவையும் செய்திருக்கிறேன்.
— வாசகர், குலசேகரம்

பதில்: நம் ஊர்ச் சந்திகளில் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் தையற்காரர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கண்ணுக்கு: பகல் வெளிச்சத்தில் மட்டும் தையுங்கள், ஊசியில் நூல் கோக்கும் சிறு கருவி ஒன்று தையல் பொருள் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், வெளிர்நிறத் துணியில் சற்று அடர்ந்த நூலைக் கேட்டு வாங்குங்கள். பழகும்வரை அளந்து வெட்டும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். பொறுமையுள்ள கை எங்கும் பற்றாக்குறை.

கேள்வி: "இதெல்லாம் வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு, துணியைத் துண்டாக்கி மறுபடி சேர்ப்பானேன், அதையும் பத்துப்பேர் கூடிச் செய்வானேன்?" என்று என் மாமா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் மாமாவின் கேள்வியில் பாதிக்கு நாகர்கோவிலே பதில் சொல்லும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மிஷன் சார்பில் இங்கு வாழ்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல், வெளியிலிருந்து வந்த கலைதான்; வந்த ஊரிலேயே வேர் பிடித்துப் பல தலைமுறைப் பெண்களின் கைக்குக் கூலி தந்தது. ஒரு வேலை எங்கிருந்து வந்தது என்பதைவிட யார் கையில் தங்குகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

துண்டுத் துணியைச் சேர்ப்பதும் நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பகுதியில் தேருக்கும் கோயிலுக்கும் தொங்கவிடும் தொம்பைகள், வண்ணத் துணியை வெட்டி ஒட்டித் தைத்தவையே. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கங்களில் வாழும் சித்தி மக்களின் பெண்கள், பழந்துணித் துண்டுகளைக் கொண்டு கவந்தி என்னும் போர்வை தைக்கிறார்கள். அவர்கள் கட்டம் கட்டமாகத் தைத்து இணைப்பதில்லை. ஓர் ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை வைத்து வைத்துத் தைத்தபடியே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். முடித்ததும் மூலைகளில் பூவெனச் சொல்லும் சிறு மடிப்புத் துண்டுகளை வைக்காமல் விடுவதில்லை.

பத்துப்பேர் கூடிச் செய்வானேன் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு சான்றுகள். அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் ஆற்றங்கரை ஊரின் கறுப்பினப் பெண்கள், மேல்துணியை அவரவர் விருப்பப்படி தம் வீட்டில் தனியே இணைப்பார்கள். அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் நீண்ட வேலைக்குத்தான் கூடி உட்காருவார்கள். கற்பனை தனியாருக்கு, உழைப்பு கூட்டுக்கு என்னும் இந்தப் பங்கீடு எனக்கு மிகவும் பிடித்தது. நம் குழுக்களுக்கும் இதையே சொல்வேன்.

இன்னொன்று, எய்ட்ஸ் நோயில் மாண்டவர்களின் நினைவாக அமெரிக்காவில் தொடங்கிய பெரும் போர்வை. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் நேஷனல் மால் திடலில் முதன்முதலாக விரிக்கப்பட்டபோது அதில் 1,920 துணிகள் இருந்தன. ஒருவரையொருவர் அறியாதவர்கள், தையலே அறியாத பலர், வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு செய்தவை அவை. வண்ணம், படம், எழுத்து எல்லாம் அவரவர் விருப்பம். ஒன்று மட்டும் அனைவருக்கும் பொது: ஒவ்வொரு துணியும் 3 அடிக்கு 6 அடி. அவற்றில் எட்டைச் சேர்த்தால் 12 அடிச் சதுரம். அந்த ஓர் அளவைக் காப்பாற்றியதால்தான் அத்தனை பேரின் துக்கமும் ஒரே விரிப்பில் சேர முடிந்தது என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவுக்கு நான் பொறுப்பாளர். இருபது கட்டங்கள் வந்துவிட்டன. நான்கு கட்டங்கள் அளவு சரியில்லை. இரண்டு சிறியவை, இரண்டு பெரியவை. நான்கும் ஒரே பெண்மணியுடையவை, வயதில் மூத்தவர். அவரிடம் சொல்லாமல் பிரித்துத் தைத்துவிடலாமா?
— வாசகி, கருங்கல்

பதில்: சொல்லாமல் பிரிக்காதீர்கள். என்றைக்காவது அவர் தம் துணியில் வேறொருவரின் தையலைப் பார்ப்பார். அதன்பின் உங்கள் குழுவுக்கு அவர் வரமாட்டார்.

முதலில் எப்படி நேர்ந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி இஞ்சு டேப்தான். ஆண்டுக்கணக்கில் இழுத்துப் பயன்படுத்திய டேப் நீண்டுவிடும். ஐந்து வீட்டில் ஐந்து டேப் இருந்தால் ஐந்து விதமான அங்குலம் இருக்கும். அடுத்த போர்வையிலிருந்து, நல்ல ஸ்டீல் ஸ்கேல் ஒன்றால் அளந்து, 12½ அங்குலச் சதுரத்தைக் கெட்டி அட்டையில் வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். அளவைச் சொல்லிவிட்டு வருவதைவிட அளவையே கையில் கொடுப்பது மேல்.

இப்போது கையிலிருக்கும் நான்குக்கு வருவோம். ஒரு நூல் குறைந்த கட்டத்தைக் குண்டூசியால் நெருக்கிக் குத்தி, சற்று இழுத்துக் கொடுத்துத் தைத்தால் பொருந்திவிடும். அதற்கு மேல் குறைந்தால், நான்கு புறமும் ஒரே அகலத்தில் பட்டை சேர்த்துத் தைத்து, 12½ அங்குலத்துக்கு வெட்டிச் சீராக்குங்கள். பெரிய கட்டத்தை ஒரே பக்கத்தில் வெட்டினால் உள்வடிவம் ஓரமாகச் சாய்ந்து நிற்கும். நான்கு பக்கத்திலும் சமமாக வெட்டுங்கள். அதிலும் எச்சரிக்கை வேண்டும்: வடிவத்தின் கூர்மூலைகள் ஓரத்தைத் தொட்டு நிற்கும் கட்டமானால், வெட்டினால் மூலைகள் முறியும், அப்படிப்பட்டதைத் தையல் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும், அதையும் அவரே செய்யட்டும், நீங்கள் அருகில் உட்காருங்கள்.

பட்டை சேர்ப்பதாக முடிவுசெய்தால், அவருடைய இரண்டு கட்டங்களுக்கு மட்டும் சேர்க்காமல், வேறு சிலருடைய கட்டங்களின் ஓரங்களிலும் அதே பட்டையை, அளவு மாறாமல் மேலே வைத்துத் தைத்து, போர்வை முழுவதும் பரவலாக வையுங்கள். பார்ப்பவருக்கு அது வடிவமைப்பாகத் தோன்றும். அவரிடம், "அம்மா, உங்கள் கட்டம் சற்று ஒடுங்கியிருக்கிறது, இந்தப் பட்டையைச் சேர்க்கலாமா, எந்த நிறம் பிடித்திருக்கிறது?" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கட்டங்களுக்கு இடையே இரண்டு அங்குலப் பட்டை வைப்பது இதுபோன்ற குழுக்களுக்குப் பெரும் உதவி. பக்கத்துக் கட்டத்தின் மூலையோடு மூலை பொருந்த வேண்டிய கட்டாயமே இல்லாமல் போகிறது. இருபது கட்டங்களை நான்குக்கு ஐந்தாக வைத்து, இடையிலும் ஓரங்களிலும் இரண்டு அங்குலப் பட்டை கொடுத்தால் 58 அங்குல அகலம், 72 அங்குல நீளம் வரும். ஒருவருக்குத் தாராளமான போர்வை.

அளவு, துணி வகை, தவணை, செலவைப் பகிரும் விதம், முடிந்த போர்வை யாருக்குப் போகிறது ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டது காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

கேள்வி: கட்டங்களையெல்லாம் இணைத்து முடித்துவிட்டோம். அடுத்த வாரம் எல்லோரும் கூடி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கப் போகிறோம். மொட்டைமாடியில் செய்யலாம் என்று நினைக்கிறோம். பலர் தைத்தால் தையல் பலவிதமாக இருக்குமே?
— வாசகி, ஆரல்வாய்மொழி

பதில்: காற்றாலைகளைச் சுழற்றும் காற்றுள்ள ஊரில் மொட்டைமாடியில் மூன்று அடுக்குத் துணியை விரிப்பதா? கூடத்தில் தரையைத் துடைத்துவிட்டுச் செய்யுங்கள்.

அடித்துணி மேல்துணியைவிட ஒவ்வொரு புறமும் நான்கு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். 58க்கு 72 அங்குல மேல்துணி என்றால் அடித்துணி 66க்கு 80 அங்குலம் வேண்டும். நல்ல நிலையிலுள்ள பருத்திச் சேலை ஒன்றை இரண்டு நீளமாக வெட்டி இணைத்தால் போதும். அதை நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி விரித்து, ஓரங்களைத் தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் சரி, இழுத்து விறைப்பாக்கினால் பின்னர் எடுக்கும்போது சுருங்கி மேல்துணியைக் கொசுவிவிடும். மேலே நடு அடுக்கு, அதன்மேல் மேல்துணி. பின்பு நடுவிலிருந்து வெளிப்புறமாக, கையளவு இடைவெளியில் கச்சாத் தையல், அதாவது பின்னர் பிரித்தெடுக்கும் தற்காலிகத் தையல், போட்டுக்கொண்டே வாருங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் தளர்ச்சியெல்லாம் நடுவில் திரண்டு நிற்கும். இந்தக் கச்சாத் தையலுக்குக் குழுவில் பொறுமைசாலிகள் இருவர் போதும். மற்றவர்கள் ஊசி கோத்துக் கொடுக்கலாம்.

தையல் பலவிதமாகத்தான் இருக்கும். ஒருவர் அங்குலத்துக்கு ஐந்து தையல் போடுவார், இன்னொருவர் எட்டுப் போடுவார். ஒருவரே ஒரு மூலையில் உட்கார்ந்து முடித்தால் அந்த மூலை தனியாகத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறி உட்கார்ந்தால் எல்லாக் கையும் எல்லா இடத்திலும் கலந்துவிடும். கற்றுக்குட்டியின் நீளத் தையலை அவர் வீட்டுக்குப் போனபின் பிரித்துச் சிறிதாக்கும் பழக்கம் சில குழுக்களில் உண்டு. துணி பிடிக்காத அளவுக்குத் தளர்ந்திருந்தாலன்றி அதைத் தொடாதீர்கள். முடிச்சுகளை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி அடுக்குக்குள் இழுத்து மறைக்க வேண்டும். வெளியே நிற்கும் முடிச்சு சலவையில் முதலில் அவிழும்.

கேள்வி: முடிந்த போர்வையில் தைத்தவர்களின் பெயர்களை எழுதலாமா? முன்பக்கத்தில் எழுதினால் அழகு கெடாதா?
— வாசகி, சுசீந்திரம்

பதில்: பின்பக்கத்தில் எழுதுங்கள். வெள்ளைக் காடாத் துணியில் ஒரு சிறு சதுரம் வெட்டி, ஓரம் மடித்து, அடித்துணியின் கீழ்மூலையில் தைத்துவிடுங்கள். அதில் பெயர்கள், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கைத்தையலாலோ துணியில் அழியாத பேனாவாலோ எழுதலாம். பேனா என்றால் எழுதியபின் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, ஒருமுறை அலசிப் பார்த்துவிட்டுத் தையுங்கள். ஒரு கட்டம் தைத்தவரின் பெயரும் எட்டுக் கட்டம் தைத்தவரின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். வெட்டியவர், அலசியவர், ஓரம் எம்மிங் செய்தவர் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். இடம் இருந்தால் "குளிர்ந்த நீரில் துவைக்கவும், பிளீச்சிங் பவுடர் வேண்டாம், நிழலில் உலர்த்தவும்" என்று அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். போர்வையைப் பெறும் இல்லத்தில் துவைப்பவருக்கு உங்களைத் தெரியாது, அந்த வரிதான் தெரியும்.